கோழி அடைகாத்த சேணம்

குதிரையின் வயிற்று வாரை நான் இழுத்துக் கட்டும்போதே அண்ணன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். சிரிக்கட்டும். லாயத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, முழங்காலுக்குத் தைலம் பூசித் துணி சுற்றி, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் டீ டம்ளரோடு தரகர் மஸ்தான் பாய். பாயின் வண்டி தோட்டத்துக் கடவுக்கு வெளியே பின்கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது, உள்ளே வைக்கோல்கூடப் பரப்பியாகிவிட்டது. இந்தச் செவலைக் குட்டியை ஏற்றிக்கொண்டு போக வந்த வண்டி. கல்யாண ஊர்வலத்துக்கு விடுவார்களாம். தலையில் இறகு கட்டுவார்கள், காதோரம் பேண்டு வாசிப்பார்கள், காலடியில் பட்டாசு வெடிப்பார்கள். செவலை ஒரு குண்டான் விழுந்தாலே நடுங்குகிறவள். "ஏன்டா சென்னியப்பா, அந்தச் சேணத்துல கோழி முட்டை வெச்சிருந்துச்சே, எடுத்துட்டயா, இல்ல அதும்மேலயே உக்காரப் போறயா" என்கிறான் அண்ணன். பாய் டீயைச் சிந்திக்கொண்டு சிரிக்கிறார். லாயத்து வாசலில் என் வீட்டுக்காரி மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்தபடி நிற்கிறாள். சிரிக்கிறாளா பயப்படுகிறாளா தெரியவில்லை. கோழி நிஜமாகவே இருந்தது. காலையில் பரணிலிருந்து சேணத்தை இறக்கும்போது கொத்தியது, புறங்கையில் இன்னும் எரிகிறது. எங்களிடம் இருப்பது மூன்று சேணம். முதலாவது அப்பன் சேணம். கறுத்த தோல், பித்தளைக் குமிழ், அதை மாட்டி வைக்கச் சுவரில் தனி முளை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. தோட்டத்தில் பிறந்த குட்டி எதுவானாலும் முதுகில் முதலில் ஏறுவது அதுதான். வேறு சேணம் ஏறினால் குட்டி வீட்டுக்கு ஆகாது என்று வழக்கம். இரண்டாவது மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்திருந்த சிவப்பு வெல்வெட்டு, எலி கடித்துப் பஞ்சு தொங்குகிறது. மூன்றாவது இது. ஊட்டியில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி நடத்துகிற ஒருவன், கிழட்டு மட்டக்குதிரையோடு சேர்த்து எங்கள் தலையில் கட்டிய சேணம். குதிரை போய்ச் சேர்ந்தது, சேணம் பரணுக்குப் போயிற்று, கோழிகள் குடியேறின. பரணுக்குக் கீழே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பன் சேணத்தில் போய் ஜெயித்து வந்தால், ஜெயித்தது சேணம் என்பான் அண்ணன். விழுந்தால், அப்பன் சேணத்திலேயே உட்காரத் தெரியாதவன் என்பான். இரண்டு பக்கமும் அவனுக்கே. அதனால்தான் இதை எடுத்தேன். வேறு ஞானம் ஒன்றும் கிடையாது, வீம்புதான்.

பவானி ஜமுக்காளத்தில் ஒரு துண்டை நான்காக மடித்து அடியில் போட்டிருக்கிறேன். அது மயிலாத்தாள் கொடுத்தது. "கோழி அடை உக்காந்த சேணத்துல போறதே போறீங்க, கீழ இதையாவது போட்டுக்கங்க. புள்ளைக்கு முதுகு அரிக்கும்" என்றாள். எனக்கு அரிக்குமே என்று அவள் சொல்லவில்லை. கடவு வரைக்கும் செவலையை நடத்திக்கொண்டு வருகிறேன். இந்தக் கடவில் முன்னால் மூங்கில் படல் இருந்தது, பிறகு முள்ளுப் படல், இப்போது இரும்புச் சட்டத்தில் கம்பி பின்னிய படல். மூன்றையும் திறந்து திறந்து மூடியது என் கைதான். அண்ணன் குதிரைமேல் வருவான், தூரத்திலேயே கனைப்பான், குதிரையல்ல, அவன் கனைப்பான், நான் ஓடிப் போய்த் திறப்பேன். வயசுப் பையனாக இருக்கும்போது தொடங்கியது. எனக்கு மயிலாத்தாளைப் பேசி, அவள் அப்பனும் மாமன்மார்களும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்த அன்று, சாம்பல் என்று ஒரு குட்டி இருந்தது, அதன்மேல் என்னை ஏற்றிவிட்டார்கள், வந்தவர்கள் பார்க்கட்டும் என்று. அப்பன் சேணம், புது வேட்டி. மரம்போல் நின்றிருந்த குட்டி, என் பாரம் ஏறியதும் முதுகை வில்லாக வளைத்தது. பிறகு நான் வானத்தைப் பார்த்தேன். சாணிக்குழியின் ஓரத்தில் கிடந்தேன். எழுந்திருக்குமுன் அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. "எங்க சென்னியோட கை கடவு தொறக்கற கைங்க மாமா. கடிவாளம் புடிக்கற கை இல்லீங்." மாமனார் சிரித்தார். மாமன்மார்கள் சிரித்தார்கள். அப்பனும் சிரித்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கடவு தொறக்கற கை. பெண் கொடுத்துவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு இளங்குட்டியின் மேலும் என்னை ஏற்றியதில்லை. பால் கொண்டுபோகிற கிழட்டுக் குதிரை, வண்டிக் குதிரை, இவைதான் எனக்கு. இப்போது படலை நானே திறந்து, நானே வெளியே வந்து, நானே மூடுகிறேன். இதுதான் கடைசி. அங்கவடியில் கால் வைக்கிறேன். முழங்கால் சத்தம் போடுகிறது. ஏறிவிட்டேன். செவலை காதுகளைப் பின்னால் திருப்பி, மேலே யார் என்று கேட்கிறாள். நான்தான் கண்ணு. மாரியில் நனைந்துகொண்டே உன்னை உன் அம்மா வயிற்றிலிருந்து இழுத்துப் போட்டவன். படலுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல்: "முனியப்பன் கோயல் வரைக்கும் போய்த் துன்னூறு வெச்சுட்டு வந்து, இதே எடத்துல குதிரைமேலயே நில்லு. குட்டி உன்னது. விழுந்தயின்னா வண்டில ஏத்தீருவேன். அப்பறம் வாயத் தொறக்கப்படாது." நேற்று மாலை சொன்னதையே மறுபடி சொல்கிறான், பாய் சாட்சிக்காக. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பாரம் சாயும்.

வாய்க்கால் கரை. வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் மஞ்சள் காடு. மஞ்சள் இலை வாசனையோடு செவலையின் வேர்வை வாசனையும் வருகிறது, என்னுடைய தைல வாசனையும் வருகிறது. அண்ணனுக்கும் எனக்கும் ஒரே தைலம், அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. நிலத்தைப் பிரித்தோம், கிணற்றைப் பிரித்தோம், குதிரையைப் பிரிக்கவில்லை, அப்பன் பிரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பிரிக்காதது எல்லாம் பெரியவனுடையது என்று ஆகிவிடும், இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். புல் அறுப்பது நான், லாயம் கூட்டுவது நான், அந்தியூர்ச் சந்தையில் மீசையைத் தடவிக்கொண்டு நிற்பது அவன். பொட்டுக்காரர் தோட்டத்துக் குதிரை என்றால் சந்தையில் வழி விடுவார்கள். எங்கள் குதிரைகளுக்குத் தோளுக்குப் பின்னால், முதுகின் இரண்டு பக்கமும், உள்ளங்கை வைத்து அழுத்தியதுபோல வெள்ளை முடி இருக்கும். அதுதான் பொட்டு. கறுப்புக் குதிரையில் நிலாத் துண்டுபோலத் தெரியும். எத்தனை தலைமுறைக்கு அப்புறமும் இந்த வம்சத்தில் அது மாறாது என்று அண்ணன் சொல்லுவான். பிறக்கும்போது இருக்காது, பருவம் வந்து, குட்டி வீட்டை ஏத்துக்கிட்ட பிறகுதான் விழும் என்பான். வாங்குகிறவர்கள் அந்த முடியை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். செவலைக்குப் பொட்டு இல்லை. முந்தாநாள் அப்பன் சேணத்தைப் போட்டு ஊரிலேயே நல்ல சவாரிக்காரன் ஒருவனை ஏற்றினார்கள், அவனை வேலிமேல் எறிந்துவிட்டு நின்றாள். "இது பொட்டு வாங்காத குட்டி. நம்ம வீட்டை ஏத்துக்கலை" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லி, அங்கேயே பாய்க்குப் போன் போட்டான். வீட்டை ஏற்றுக்கொள்ளாத குட்டி. அந்த வார்த்தைக்குத்தான் நான் குறுக்கே போய் நின்றேன் என்று நினைக்கிறேன். அல்லது அவள் வேலியோரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, வேறு யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்ததாலோ. இல்லை, வார்த்தைக்குத்தான். பார்வையெல்லாம் பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது விழுந்தால் என்ன ஆகும். இடுப்பு ஒடியும். கீழ்த்தோட்டத்து மாரப்பன் மொபெட்டிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான், அவன் மருமகள் அறையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறாள். மாரப்பனைப் பார்க்கப் போன அன்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, சென்னி, கீழே விழற வயசு போயிருச்சு என்றான். விழற வயசு என்று ஒன்று இருந்தது போலவும், அப்போது விழுந்ததெல்லாம் சரி போலவும். நான் சாம்பல்மேலிருந்து விழுந்தது விழற வயசில்தான். எழுந்து தூசி தட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் எழுந்தேனா. கடவு தொறக்கற கை. இதோ அந்தக் கையில்தான் கடிவாளம். கெட்டியாகப் பிடித்திருக்கிறேன் என்று தெரிகிறது, செவலை தலையை ஆட்டிக் கேட்கிறாள், விடு கொஞ்சம் என்று. விடுகிறேன். கழுத்தை நீட்டிக்கொள்கிறாள். நடை மாறுகிறது, நெல் புடைப்பதுபோல ஒரே சீர். கரும்புக் காடு தொடங்குகிறது. இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர், காற்றில் சரசரவென்று ஓயாத பேச்சு. இங்கேதான் நடக்கும். முந்தாநாள் அவள் நடுங்கியது ஒரு காக்காய் பறந்ததற்கு. என் தொடை இறுகுகிறது, அவளுக்கு அது தெரிகிறது, அவள் காது பின்னால் வருகிறது, அது எனக்குத் தெரிகிறது, என் தொடை இன்னும் இறுகுகிறது. இப்படியே இரண்டு பேரும் ஒருவர் பயத்தை ஒருவருக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறோம். ஏதாவது பேசவேண்டும். என்ன பேசுவது. உன் அம்மா கருப்பி தெரியுமா, என்னுடைய வண்டிக் குதிரை, அவள் பயப்படமாட்டாள், ஒருநாள் லாரிக்காரன் பின்னாலிருந்து ஆரன் அடித்தான், அவள் நடு ரோட்டில் நின்று சாணி போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். செவலையின் ஒரு காது நிமிர்கிறது. கருப்பிக்கும் பொட்டுக் கிடையாது என்பது அப்போது எனக்கு ஞாபகம் வருகிறது, ஏன் வந்தது என்று தெரியவில்லை, வந்து போகிறது.

அப்போதுதான் டிராக்டர். கரும்பு ஏற்றப் போகிற காலி டிரெய்லர், மேலே தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டு வருகிறது. ஓட்டுகிறவன் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைக்கிறான், குறைத்ததும் தார்ப்பாய் பொத்தென்று கீழே தொங்கி மண்ணில் இழுபடுகிறது. செவலை நின்றுவிட்டாள். அவள் வயிறு என் கால்களுக்கு நடுவே உப்புகிறது. முதுகு எழும்பப் போகிறது, வில்லாக வளையப் போகிறது, பிறகு வானம், பிறகு சாணிக்குழி, மாமனாரின் பல், அப்பனின் பல். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் ஒரு பக்கமாகத் தாவினாள். கரும்புத் தோகை என் முகத்தைக் கிழித்தது. பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டேன், அதில் வெட்கம் இல்லை. தாவி, நின்று, மூக்கால் புஸ்ஸென்று ஊதி, அவ்வளவுதான். முதுகு வளையவில்லை. துள்ளவில்லை. டிராக்டர்க்காரன், "ஏனுங்க ஐயா, இந்த வயசுல இது தேவைங்களா" என்று கேட்டுக்கொண்டே தாண்டிப் போனான். தேவைதான் தம்பி என்று நான் சொல்லும்போது அவன் கரும்புக்குள் மறைந்துவிட்டான். தேவைதான். அவள் பயந்தாள், ஆனால் என்னை எறியவில்லை. பயம் வேறு, எறிவது வேறு. முந்தாநாள் எறிந்தபோது பயப்பட எதுவுமே இல்லையே. அந்தக் காக்காய்கூடப் பிறகுதான் பறந்தது, அவன் வேலியில் விழுந்த சத்தத்துக்கு. வெறும் தரையில், வெறும் பகலில், ஏறி உட்கார்ந்ததும் எறிந்தாள். சாம்பலும் அப்படித்தான். மரம்போல் நின்றது, உட்கார்ந்தேன், எறிந்தது. இந்த நினைப்பு முள்ளில் வேட்டி மாட்டியதுபோல அங்கேயே நிற்கிறது. இழுத்தால் கிழியும். விட்டுவிட்டு நடக்கிறேன்.

கரட்டடி, குன்றின் அடிவாரம். முனியப்பன் கோயிலில் யாரும் இல்லை. வேப்பமரம், சூலம், எலுமிச்சைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. சாமிக்கு முன்னால் சிமெண்டுக் குதிரை, அண்ணன் செய்து வைத்தது. வெள்ளைக் குதிரை, சிவப்புச் சேணம், நீல வால். வெள்ளைக் குதிரையில் வெள்ளைப் பொட்டு எப்படித் தெரியும் என்று பெயிண்டர் கேட்டதற்கு, மஞ்சளாப் போடு என்று சொல்லிப் போட வைத்தான். முனியப்பன் குதிரைக்கே எங்கள் வீட்டுப் பொட்டு. நான் இறங்குகிறேன், தொடை இரண்டும் என்னுடையவை அல்ல போலிருக்கிறது, திருநீறு பூசிக்கொள்கிறேன். அவள் தொட்டியில் குடிக்கிறாள். கொஞ்சம் ஆறட்டும் என்று வாரை அவிழ்த்துச் சேணத்தை எடுக்கிறேன், ஜமுக்காளத் துண்டை எடுக்கிறேன். முதுகு முழுக்க நனைந்திருக்கிறது. துண்டு கிடந்த இடம் முழுவதும், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், மழையில் நின்றதுபோல ஒரே ஈரம். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இதில் பார்க்க என்ன இருக்கிறது. வேர்த்தால் நனையும். ஆனால் முந்தாநாள் இப்படி இல்லை. முந்தாநாள் அப்பன் சேணத்தை நான்தான் கழற்றினேன். அன்றைக்கும் வேர்த்திருந்தாள், முதுகெல்லாம் ஈரம், இரண்டு இடத்தைத் தவிர. தோளுக்குப் பின்னால், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். உள்ளங்கை அகலம். நான் என் உள்ளங்கையை அவள் முதுகில் அந்த இடத்தில் வைக்கிறேன். பிறகு சிமெண்டுக் குதிரையைப் பார்க்கிறேன். மஞ்சள் பொட்டு அதே இடத்தில் இருக்கிறது.

எனக்கு எழுதப் படிக்க அதிகம் வராது. ஒரு கணக்கை இரண்டு தடவை போட்டால் இரண்டு விடை வரும். இதை எத்தனை தடவை போட்டாலும் ஒன்றுதான் வருகிறது. அப்பன் சேணம், அவருடைய பெரிய குதிரைக்கு, அந்தக் கொழுத்த முதுகுக்குச் செய்தது. குட்டிகளின் முதுகு ஒல்லி, மட்டக்குதிரையின் இந்தச் சேணம் அதற்குப் பொருந்துகிறது. ஒல்லி முதுகில் அகலச் சேணம் இறங்கி, தோளுக்குப் பின்னால் எலும்பில் உட்காரும், அது அழுத்துகிற இடத்தில் வேர்வை வராது. மேலே ஆள் ஏறினால் கடிக்கும். முதுகை வளைக்காமல் அது என்ன செய்யும். எறிந்த குட்டிகள் ஆகாத குட்டிகள், வண்டிக்குப் போயின, ஊர்வலத்துக்குப் போயின. பொறுத்துக்கொண்ட குட்டிகளுக்கு அந்த இடத்தில் தோல் செத்து, முடி உதிர்ந்து, வெள்ளையாக முளைத்தது. மாட்டின் கழுத்தில் நுகத்தடித் தழும்பைப் பார்த்தால் தழும்பு என்கிறோம். குதிரை முதுகில் பார்த்தால் பொட்டு என்கிறோம். கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். கருப்பிக்குப் பொட்டு இல்லாதது அவள் வீட்டை ஏற்றுக்கொள்ளாததால் அல்ல, அவள் முதுகில் சேணம் ஏறியது ஒரே தடவை, அதையும் எறிந்துவிட்டாள், பிறகு வண்டிதான் இழுத்தாள். குட்டிகள் எதுவும் பொட்டோடு பிறந்ததில்லை. எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நான் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வருகிறது. வயிற்றுக்குள் எங்கோ ஆழத்திலிருந்து, வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது சருகைத் தள்ளிக்கொண்டு வருமே, அப்படி. சாம்பல் என்னை எறியவில்லை. சாம்பல் அப்பன் சேணத்தை எறிந்தது, நான் அதன்மேல் இருந்தேன். கை ஒன்றும் செய்யவில்லை. கை நன்றாகத்தான் இருந்தது. மாமனார் சிரித்ததும் மாமன்மார்கள் சிரித்ததும் ஒரு அகலச் சேணத்தைப் பார்த்து. முனியப்பா, பார்த்தாயா, உன் குதிரை முதுகிலும் எங்கள் வீட்டுத் தழும்பை வரைந்து வைத்திருக்கிறான், நீயும் சும்மா இருந்தாய். செவலை தண்ணீர் சொட்டும் வாயை என் தோளில் துடைக்கிறாள்.

மறுபடி ஏறுவதற்குச் சிமெண்டுக் குதிரையின் பீடம் உதவுகிறது. அதற்காகவாவது அண்ணன் செய்து வைத்தானே. திரும்பும்போது நான் அவளை நடத்தவில்லை, அவள்தான் கேட்டாள், நான் விட்டேன், கரும்புக்கு நடுவே ஓட்டம். காற்று வேட்டிக்குள் புகுந்து புடைக்கிறது. வாய்க்கால் தண்ணீர் கூடவே ஓடி வருகிறது. மரத்தில் இருந்த மயில் ஒன்று கத்திக்கொண்டு எழும்பிப் பறந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தொடை எப்போது இளகியது என்று தெரியவில்லை. நான் பேச்சைத் தயார் செய்கிறேன். பாய் முன்னால் சொல்லவேண்டும். ஏனுங்க பாய், பொட்டுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு. இல்லை, அது நீளம். அண்ணா, உங்க வம்சம் சேணத்துல இருக்குது, ரத்தத்துல இல்லை. இது நன்றாக இருக்கிறது. இதைச் சந்தையில், குதிரைகளுக்கு நடுவே, குரலை உயர்த்தாமல் சொன்னால் போதும், மாலைக்குள் அந்தியூர் முழுக்கப் போய்விடும், பொட்டுக்காரர் தோட்டம் தழும்புக்காரர் தோட்டம் ஆகிவிடும். அவன் மீசை என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க நினைக்க இனிக்கிறது. முகத்தில் தோகை கிழித்த இடம் எரிகிறது, கோழி கொத்திய இடம் எரிகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் பாதி என்னுடையது என்பது மஞ்சள் காடு தாண்டும்போதுதான் உறைக்கிறது. என்னுடையதும்தான் தழும்புக்காரர் தோட்டம் ஆகும். சரி. அப்படியே ஆனாலும் எனக்குச் சம்மதமா என்று கேட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் சம்மதமாகத்தான் இருக்கிறது.

கடவு. படல் மூடியிருக்கிறது, நான் மூடிவிட்டுப் போனபடியே. மூன்று பேரும் அந்தப் பக்கம் வந்து நிற்கிறார்கள். சத்தம் கேட்டு எழுந்து வந்திருப்பார்கள். படலுக்கு முன்னால் செவலையை நிறுத்துகிறேன். கல்லில் செய்ததுபோல நிற்கிறாள். மயிலாத்தாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "மூஞ்சில என்னுங்க ரத்தம்" என்றாள். "கரும்பு" என்றேன். "விழுகலயா" என்றாள், என்னைக் கேட்கவில்லை, குதிரையைக் கேட்டாள். மஸ்தான் பாய் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், வேட்டியில் மண் இருக்கிறதா என்று பார்த்தார், "மாஷா அல்லா" என்றார். நான் தயார் செய்த பேச்செல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கிறது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "படலைத் தொறங்க" என்றேன். பாய் சட்டென்று கையை நீட்டினார். "நீங்க இருங்க பாய். அண்ணன் தொறப்பாருங்க." யாரும் அசையவில்லை. கருப்பி லாயத்திலிருந்து ஒருமுறை கனைத்தாள், செவலை பதில் சொல்லவில்லை. நான் கனைத்தேன். குதிரையல்ல, நான். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். குதிரைமேல் இருக்கிறவனை அவன் கீழேயிருந்து பார்த்து எனக்குத் தெரியாது, கழுத்துச் சதை தொங்குகிறது, புருவம் நரைத்திருக்கிறது. பிறகு ஒரு காலை இழுத்து, மற்றக் காலை இழுத்து வந்து, கொண்டியைத் தூக்கினான். எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. வெளியே தள்ளிப் பார்த்தான், பிறகு உள்ளே இழுத்தான். படல் தரையில் உரசிக்கொண்டு வந்தது. "காலை உள்ள இழுத்துக்கடா, கம்பி நீட்டிட்டு இருக்குது" என்றான். நான் காலை இழுத்துக்கொண்டேன். அந்தக் கம்பி அங்கே நீட்டிக்கொண்டிருப்பது எத்தனையோ வருஷமாக எனக்குத் தெரியும். அவன் குதிரைமேல் போகும்போது நான் அதை விரலால் மடக்கிப் பிடித்துக்கொள்வேன். அதைச் சொன்னதற்காக அவனை மன்னிக்கலாம் என்று தோன்றியது. அந்த ஒன்றுக்கு மட்டும்.

வேப்பமரத்தடியில் இறங்கினேன். "நடை அருமையா இருக்குது" என்றார் பாய், வாங்க முடியாததைப் பார்க்கிற ஆசையோடு. "இன்னும் பொட்டு மட்டும் விழுந்துட்டா இதுக்கு ஈடு சந்தைல கெடையாது. உங்க அப்பா சேணத்தைப் போட்டுப் பழக்குங்க." "இதுக்குப் பொட்டு விழாதுங்க பாய்" என்றேன். "ஏன் விழாது?" என்று கேட்டது அண்ணன். நான் வாரை அவிழ்த்தேன். சேணத்தை எடுத்தேன், ஜமுக்காளத்தை எடுத்தேன். "கையை வெச்சுப் பாருங்கண்ணா" என்றேன். அவன் ஏதோ காயம் என்று நினைத்து அவசரமாகக் கையை வைத்தான். ஈரம். தோளுக்குப் பின்னால் வைத்தான், அங்கேயும் ஈரம். அந்தப் பக்கம் போய் அதே இடத்தில் வைத்தான். மறுபடி இந்தப் பக்கம் வந்து, விரலை விரித்து, முடிக்குள் விட்டு, வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறவன்போலத் தேய்த்தான். முந்தாநாள் அந்தக் காய்ந்த இடத்தை அவனும் பார்த்திருக்கிறான். என்றைக்கும் பார்த்திருக்கிறான், சந்தையில் நிற்கிற மீசை இருந்தாலும் குதிரை தெரிந்தவன்தான். அவன் கை நின்றது. தலையைத் திருப்பி லாயத்துக்குள் பார்த்தான், அப்பன் சேணம் முளையில் தொங்குகிற பக்கம். அதற்கு அடியில் கட்டியிருக்கிற வெள்ளைக்குட்டிக்கு அடுத்த மாதம் சேணம் ஏற்றவேண்டும். நான் பேச்சை நாக்கில் வைத்திருந்தேன். உங்க வம்சம் சேணத்துல இருக்குது. சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது, அது அவன் முகத்தில் முழுதாக எழுதியிருந்தது, எனக்கே படிக்க வந்தது. பாய் மட்டும் ஒன்றும் புரியாமல், "என்னுங்க பாக்கறீங்க" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல பாய். நல்லா வேர்த்திருக்குது" என்றான் அண்ணன். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்க்காமல், கோழிச் சேணத்தைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமினான். "இதை வெள்ளைக்கும் ஒருக்காப் போட்டுப் பாக்கலாம். குடுக்கறயா?" அவன் என்னிடம் ஒன்றைக் கேட்கிறான். மயிலாத்தாளுக்கும் அது கேட்டது, அவள் என்னைப் பார்த்தாள். "கேட்டுச் சொல்றனுங்கண்ணா" என்றேன். "யாரைக் கேட்டு?" "கோழியை." மயிலாத்தாள் சிரித்தாள். முந்தானை இல்லாமல், பல் தெரிய, இத்தனை வருஷத்தில் அண்ணன் முன்னால் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பாய் டம்ளரை வைத்துவிட்டு வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடவு விரியத் திறந்து கிடந்தது. படலைச் சாத்த யாராவது போகவேண்டும். என் கால் பழக்கத்தில் ஒரு எட்டு எடுத்தே விட்டது, நான் அதை நிறுத்தினேன். செவலையின் முதுகை வைக்கோலால் தேய்க்கத் தொடங்கினேன், பிடரியிலிருந்து வால் வரைக்கும், நிதானமாக. அண்ணன் திறந்து கிடந்த கடவைப் பார்த்தான். பிறகு அவனே நொண்டிக்கொண்டு கடவுக்குப் போனான்.